இரத்தத்தில் ஓடுவதும் தொட்டால் ஒட்டுவதும்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சார் பக்கம் போகும்போது ஜாலான் டிராவெர்ஸ் என்றொரு சாலை வரும். அந்தப் பெயர் யாருடையது என்று நண்பர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன். ரப்பர் தோட்ட முதலாளி என்றார் ஒருவர். ரயில்வே இன்ஜினியராக இருக்கும் என்றார் இன்னொருவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் ஊர் அல்லவா. இரண்டும் இல்லை. டிராவெர்ஸ் ஒரு டாக்டர், சிலாங்கூர் மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்தவர். 1901இல் கிள்ளானையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் மலேரியா காலி செய்துகொண்டிருந்தபோது, கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சனோடு சேர்ந்து சதுப்பை வடியவைக்கும் வேலையில் இறங்கியவர். கிள்ளானில் வளர்ந்தவன் என்ற முறையில் என் தாத்தா உயிரோடு இருந்ததில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அவர் பெயர் மருத்துவ வரலாற்றில் நிற்பது மலேரியாவுக்காக மட்டும் இல்லை. கோலாலம்பூரின் செத்தாபாக்கில் ஒரு தொழுநோய் இல்லம் இருந்தது. இல்லம் என்று சொன்னாலும் அது கிட்டத்தட்ட சிறை. 1920களில் அதைப் பார்த்துக்கொண்ட டிராவெர்ஸ், நோயாளிகளை அடைத்துவைப்பதற்குப் பதிலாக அவர்கள் வாழக்கூடிய ஓர் ஊரையே கட்ட வேண்டும் என்று வாதாடினார். கோலாலம்பூருக்கு வடமேற்கே, மலையடிவாரப் பள்ளத்தாக்கு ஒன்றில் அந்த ஊர் எழுந்தது. 1930இல் செத்தாபாக்கிலிருந்தவர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அதுதான் சுங்கை பூலோ.

மலேசியத் தமிழர்களின் பேச்சில் சில ஊர்ப்பெயர்கள் ஊர்களைக் குறிப்பதில்லை. 'தஞ்சோங் ரம்புத்தான்' என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. பாட்டிமார் காலத்தில் 'சுங்கை பூலோ' என்றாலும் அப்படித்தான். குரல் இறங்கிவிடும். குழந்தைகளை உள்ளே போகச் சொல்லிவிடுவார்கள்.

நான் அந்த ஊரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது தொழுநோய்க்காக இல்லை. எங்கள் தெருவில் இருந்த ஓர் அக்காவுக்காக.

*

அவளுக்கும் எனக்கும் மூன்று வயது வித்தியாசம். கிள்ளானில் ஒரே தாமான், ஒரே தமிழ்ப்பள்ளி. பிறந்ததிலிருந்தே அவள் தோல் முழுக்கச் செதில் செதிலாக இருந்தது. தகடு தகடாக, பழுப்பு நிறத்தில், முழங்கை மடிப்பில் வெடித்து. அவளுக்கு வேர்க்காது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கெல்லாம் தெரியாது, நாம்தான் நாள் முழுக்க வேர்த்துக்கொண்டே இருக்கிறோமே. திங்கட்கிழமை காலை திடலில் சபைகூடலுக்கு நிற்கும்போது அவள் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருப்பாள். கழுத்திலும் கையிலும் ஊற்றிக்கொள்வாள். ஓர் ஆசிரியர் அதை விளையாட்டு என்று நினைத்துப் பிடுங்கிவிட்டார். அன்றைக்கு அவள் மயங்கி விழுந்தாள்.

மருத்துவர்கள் சொன்ன பெயர் இக்தியோசிஸ். கிரேக்கச் சொல், மீன் என்று பொருள். பிள்ளைகள் கிரேக்கம் படிக்காமலேயே 'மீனு' என்று கூப்பிட்டார்கள். பெரியவர்கள் கேட்ட கேள்வி வேறு. எல்லோரும் கேட்டது ஒன்றேதான்: "ஒட்டுமா?"

ஒட்டாது. அது மரபணு நோய். தோலின் மேலடுக்கை ஒன்றோடொன்று பிணைக்கிற ஒரு நொதி சரியாக உருவாகாததால் வருகிற வகை ஒன்று உண்டு; அதற்குக் காரணமான மரபணுவை 1995இல்தான் கண்டுபிடித்தார்கள். அப்பாவிடமிருந்து ஒரு கோளாறான பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் உள்ளவர்களுக்கு எதுவுமே தெரியாது. பத்துத் தலைமுறை தெரியாமலேயே கடத்திவிடலாம்.

பிறகு சுங்கை பூலோவைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அங்கே அடைக்கப்பட்டவர்களுக்கு வந்தது ஒட்டுகிற நோய், அதுவும் மிக மெதுவாக, மிகச் சிலருக்கு மட்டும். ஆனால் ஊர் அதைக் குடும்ப ரத்தம் என்று நினைத்தது. அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள். இவளுக்கு வந்தது குடும்ப ரத்தம். ஊர் அதை ஒட்டும் என்று நினைத்தது. அவள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார மாட்டார்கள்.

*

தொழுநோய் இரத்தத்தில் வருவது என்று நம்பியவர்கள் நம் பாட்டிமார் மட்டும் இல்லை. 1847இல் நார்வேயின் பெர்கன் நகரில் டேனியல்சன், போக் என்ற இரண்டு மருத்துவர்கள் தொழுநோயைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார்கள். நவீன மருத்துவம் அந்த நோயை ஆராயத் தொடங்கியதே அந்தப் புத்தகத்திலிருந்துதான் என்பார்கள். அதன் முடிவு: இது பரம்பரை நோய். முட்டாள்தனம் இல்லை. அவர்கள் பார்த்த குடும்பங்களில் அப்பாவுக்கு இருந்தது, பத்து வருடம் கழித்து மகனுக்கு வந்தது. கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிவதற்குச் சராசரியாக ஐந்து வருடம் ஆகும், சிலருக்கு இருபது ஆகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்தவர்களுக்குள் இவ்வளவு மெதுவாக நகர்கிற நோயைப் பார்த்தால் யாரும் பரம்பரை என்றுதான் சொல்வார்கள்.

டேனியல்சனின் மருமகன்தான் அதை உடைத்தார். கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன், 1873இல் நோயாளிகளின் திசுவில் கோல் வடிவக் கிருமியைப் பார்த்தார். மாமனாரின் வாழ்நாள் கொள்கையை மருமகன் தகர்ப்பது நம் குடும்பங்களில் நடந்திருந்தால் பேச்சு வார்த்தை நின்றுபோயிருக்கும். அங்கே அப்படி எதுவும் ஆனதாகத் தெரியவில்லை. ஆனால் ஹான்சன் ஒரு தப்புச் செய்தார். கிருமிதான் காரணம் என்று நிரூபிக்க, ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவளைக் கேட்காமலேயே நோய்த்திசுவைக் குத்தினார். அவள் புகார் கொடுத்தாள். 1880இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லி மருத்துவமனைப் பதவியை எடுத்துவிட்டது. மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஓர் அடிக்குறிப்பாகப் போட்டுவிட்டுக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பெண்தான் கதையின் நடுவில் இருக்கிறாள்.

பரம்பரை இல்லை, கிருமி என்று தெரிந்ததும் என்ன ஆனது? நோயாளிகளின் நிலைமை மேம்பட்டிருக்க வேண்டும். நடந்தது நேர்எதிர். கிருமி என்றால் பிரித்துவைக்கலாம். 1897இல் பெர்லினில் கூடிய முதல் உலகத் தொழுநோய் மாநாடு நார்வே பாணித் தனிமைப்படுத்தலை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. இத்தனைக்கும் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இந்தியாவில் சுற்றி ஆராய்ந்த தொழுநோய் ஆணையம் இது பரம்பரையும் இல்லை, ஒட்டும் ஆபத்தும் மிகக் குறைவு என்று அறிக்கை கொடுத்திருந்தது. யாரும் கேட்கவில்லை. 1898இல் இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் வந்தது. மலாயாவில் 1926இல் வந்தது. அந்தச் சட்டத்தின்படிதான் சுங்கை பூலோவுக்கு ஆட்கள் போனார்கள். போனார்கள் என்று எழுதுவது தவறு. கொண்டுபோகப்பட்டார்கள்.

*

நம் ஆட்கள் எப்படிப் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தோட்டத்து லயத்துக்கு வந்தவர்கள். தோட்டத்தில் மருத்துவம் என்றால் டிரெசர்தான். தேமலா, படையா, வேறு எதுவுமா என்று முதலில் பார்க்கிற கண்ணும் அவருடையதுதான். அந்தத் திட்டில் ஊசி குத்தினால் உறைக்கவில்லை என்றால் முடிந்தது.

நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பெருநோய், பெருவியாதி என்பார்கள். குட்டம் என்பது கோபத்தில் வருகிற சொல். இதற்கான காரணத்தையும் கையிலேயே கொண்டுவந்திருந்தார்கள். நாலடியாரில் தீவினையச்சம் என்ற அதிகாரத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. விரல்கள் அழுகித் தொழுநோய் வருவது எதனாலென்றால், முற்பிறவியில் நண்டை ஆசையாகப் பிடித்து அதன் கால்களை முறித்துத் தின்றதனால் என்கிறது. சமண முனிவர் சொன்னது. விரல் போவதற்கும் நண்டின் கால் போவதற்கும் போட்ட முடிச்சு கவிதையாகப் பார்த்தால் பயங்கரமான அழகு. நோயாளியாக இருந்து படித்தால் அது தீர்ப்பு. போர்ட் கிள்ளானுக்கு எதிரே நண்டுத் தீவு என்றே ஒரு தீவு இருக்கிறது, பூலாவ் கெத்தாம். ஞாயிற்றுக்கிழமை படகு நிறையக் குடும்பம் குடும்பமாகப் போய் நண்டு தின்றுவிட்டு வருகிறோம். நாலடியார்க்காரர் பார்த்தால் அடுத்த பிறவிக்கு இன்னொரு சுங்கை பூலோ கேட்பார்.

கிருமி கண்டுபிடித்து எண்பது வருடம் கழித்தும் நம் கலை இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படம். திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம், எம்.ஆர். ராதாவின் வாழ்நாள் வேடம். பணத்திமிர், தாசி வீடு, பிறகு தண்டனையாகத் தொழுநோய். பகுத்தறிவு பேசிய நாடகம் அது, கோயிலையும் சாதியையும் கிழித்த நாடகம். ஆனால் நோய் என்று வரும்போது முற்பிறவியை இந்தப் பிறவிக்கு மாற்றியதோடு சரி. பாவம் செய்தவனுக்கு வருகிறது என்ற கணக்கு அப்படியே நின்றது. ராதாவின் நடிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் குரலை இன்றும் நம் வீடுகளில் மிமிக்ரி செய்கிறோம். அந்தப் படம் வந்தபோது சுங்கை பூலோவில் இரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

*

அந்த ஊர் எப்படி இருந்தது? டிராவெர்ஸின் எண்ணம் நல்ல எண்ணம்தான். சுமார் 570 ஏக்கர். வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தோட்டம் போட இடம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம். டிராவெர்ஸ் பெயரிலேயே பள்ளிக்கூடம். போலீஸ், அதுவும் நோயாளிகளிலிருந்தே. ஒரு சிறையும் இருந்தது. சிறைக்குள் சிறை. 1930களில் அங்கே மட்டும் செல்லுகிற பண நோட்டுகூட அச்சிட்டார்கள். வெளியே இருப்பவர்கள் அந்தக் கைகள் தொட்ட வெள்ளியைத் தொட வேண்டாம் என்பதற்காக. சில வருடங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று நாணயம் சேகரிப்பவர்கள் அந்த நோட்டுகளைத் தேடுகிறார்கள்.

அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தமிழர்கள், மலாய்க்காரர்கள் அடுத்து. ஒரே வரிசையில் வாழ்ந்தார்கள். காதலித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். பிறந்ததும் பிரிக்கப்பட்டார்கள்.

இதில்தான் நான் மேலே நகர முடியாமல் நிற்கிறேன். குழந்தைக்குத் தொழுநோய் பிறவியிலேயே வருவதில்லை என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பிரித்தார்கள்: ஒட்டிவிடும் முன் எடுத்துவிட வேண்டும். உறவினர் வந்தால் உறவினரிடம், வராவிட்டால் தத்து. எத்தனையோ பிள்ளைகளுக்குத் தங்கள் அப்பா அம்மா யார் என்றே சொல்லப்படவில்லை. வளர்த்தவர்கள் மறைத்ததற்குக் காரணம் கிருமி இல்லை. அந்த ரத்தம் என்று ஊர் சொல்லும் என்பதுதான். ஆக, டாக்டரின் கிருமிக் கொள்கை குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்தது. ஊரின் பரம்பரைக் கொள்கை அது திரும்பி வராமல் பார்த்துக்கொண்டது. இரண்டு கொள்கையும் ஒன்றையொன்று மறுக்கிறவை. அந்தத் தாயின் மடியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றாகவே வேலை செய்தன. பின்னாளில் நடுத்தர வயதில் பெற்றோரைத் தேடி அங்கே வந்த பிள்ளைகள் உண்டு. சிலருக்குக் கல்லறைதான் கிடைத்தது.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதில் நம் பக்கத்து மரம் ஒன்று வருகிறது. நீரடிமுத்து. சித்த மருத்துவர்கள் காலங்காலமாகத் தோல் நோய்க்குக் கொடுத்த கொட்டை. அந்தக் குடும்பத்து மரங்களின் எண்ணெய்தான் உலகம் முழுக்கத் தொழுநோய்க்கு ஊசியாகப் போடப்பட்டது. டிராவெர்ஸ் கோலாலம்பூரில் சீன மருந்துக்கடைச் சரக்கான தாய் ஃபூங் ச்சீயைக் கொடுத்துப் பார்த்து அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதுவும் அதே குடும்பத்து விதைதான். குமட்டும், ஊசி போட்ட இடம் வீங்கும், பலன் கொஞ்சம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டாப்சோன் மாத்திரை வந்தது. சுங்கை பூலோவில் மோல்ஸ்வொர்த் என்ற மருத்துவர் காலத்தில் நோயாளிகள் அதை விழுங்கினார்கள். ஆறினார்கள். வாழ்நாள் சிறை என்று வந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்ற சொல்லை முதல்முறையாகக் கேட்டார்கள். போக வீடு இருந்ததா என்பது வேறு கேள்வி.

பிறகு சிலருக்குத் திரும்ப வந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் எங்கும் சொல்வார்கள். பெட்டிட், ரீஸ் என்ற இருவர் சுங்கை பூலோவில் அப்படிப்பட்டவர்களுக்குக் கண்முன்னாலேயே முழு அளவு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குறையவில்லை. அவர்கள் உடம்பிலிருந்த கிருமியை எலியின் பாதத்தில் வளர்த்து அதற்கும் மருந்து கொடுத்தார்கள். எலியிலும் கிருமி சாகவில்லை. கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுவிட்டது என்று உலகத்தில் முதல்முறை நிரூபித்த அந்தக் கட்டுரை 1964இல் 'லான்செட்' இதழில் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1982இல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னதற்கு இதுதான் ஆதாரங்களில் ஒன்று. அந்தக் கூட்டு மருந்தால் கோடிக்கணக்கானோர் குணமானார்கள். எந்த ஆட்களின் உடம்பில் அந்த உண்மை கிடைத்ததோ அவர்களின் பெயர் எங்கும் இல்லை. மருந்தைத் துப்பியிருப்பார்கள் என்ற பழி மட்டும் அவர்கள் மேலிருந்து அன்றைக்கு இறங்கியது.

*

1994இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரத்தில் ஃபின்லே, கான் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் ஒரு தாளில் பத்துக் கேள்விகளை அச்சிட்டார்கள். தோல் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று டாக்டர் அளப்பது ஒருபுறம் இருக்கட்டும், அதோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்று நோயாளியையே கேட்போம் என்று. கடந்த ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் கேட்பார்கள். அரித்ததா, வலித்ததா. கூச்சமாக இருந்ததா. கடைக்குப் போவதற்குத் தடையாக இருந்ததா. உடுத்துகிற துணியை அது முடிவு செய்ததா. விளையாட்டு, வேலை, நெருங்கியவர்கள், படுக்கையறை. கடைசிக் கேள்வி, மருத்துவமே ஒரு தொந்தரவாக இருந்ததா, வீட்டை அழுக்காக்கியதா, நேரத்தைத் தின்றதா. மொத்தம் 30 மதிப்பெண். பதினொன்றைத் தொட்டாலே வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கிறது என்று பொருள். அடுத்த ஆண்டே பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு தாள் வந்தது. அதில் பள்ளியைப் பற்றியும் கிண்டலைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் கேள்வி உண்டு. 2007இல் குடும்பத்தாருக்கு என்று இன்னொன்று. இன்று உலகம் முழுக்கத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

சுங்கை பூலோவின் ஆட்களை இந்தத் தாளோடு பொருத்திப் பார்த்தேன். மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. முதல் கேள்விக்கு அவர்கள் பூஜ்யம் போடுவார்கள். அரிக்கவில்லை, வலிக்கவில்லை. தொழுநோயின் கொடுமையே வலிக்காததுதான். வேலூரில் 1940களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் கண்டு சொன்னது இது: விரல்கள் அழுகி விழவில்லை, நரம்பு செத்த கை அடுப்பையும் ஆணியையும் உணராமல் தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது. மற்ற ஒன்பது கேள்வியில் எதற்கும் மதிப்பெண் போட அந்தத் தாளில் இடம் போதாது. கடைக்குப் போக முடிந்ததா? கடையே உள்ளேதான். வேலை? நெருங்கியவர்கள்?

பரம்பரைத் தோல் நோய்களில் இதற்கு நேர்எதிரான ஒன்று உண்டு. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. மேல்தோலையும் கீழ்த்தோலையும் கோத்துப் பிடிக்கிற புரதம் சரியில்லாமல் பிறக்கிற குழந்தைகள். தூக்கினால் கொப்புளம், உள்ளாடையின் தையல் பட்டால் கொப்புளம், சோற்றுப் பருக்கை கொஞ்சம் கெட்டியாக இருந்தால் தொண்டைக்குள் கொப்புளம். பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்று ஊடகங்கள் எழுதும். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. பட்டாம்பூச்சிக்குத் தினமும் கட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. கட்டு மாற்ற மணிக்கணக்காகும், வலி நிவாரணி கொடுத்துவிட்டுத்தான் தொட முடியும். அதன் கடுமையான வகையில் புண் ஆறி ஆறி விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கை ஓர் உறைக்குள் போனது போலாகிவிடும். ஒன்றுமே உணராத கையும் எல்லாவற்றையும் உணர்கிற கையும் கடைசியில் போய் நிற்கிற இடம் கிட்டத்தட்ட ஒன்று.

1978இல் பிரிட்டனில் இந்த நோயுள்ள மகளைப் பெற்ற ஒரு தாய், மகளின் பெயரிலேயே டெப்ரா என்ற அமைப்பைத் தொடங்கினார். மலேசியாவிலும் அந்தப் பெயரில் ஓர் அமைப்பு இயங்குகிறது. 2023இல் அமெரிக்கா முதல்முறையாக இதற்கு ஒரு மரபணுக் களிம்பை அனுமதித்தது. விலை ஆண்டுக்குப் பல லட்சம் டாலர். இங்கே பெற்றோர் இன்னும் ஒட்டாத சிலிகான் கட்டுத்துணி மாதத்துக்கு எத்தனை பெட்டி, யார் தருவார்கள் என்ற கணக்கில் இருக்கிறார்கள்.

இந்த நோய்கள் அபூர்வம்தான். ஆனால் நம் வீட்டுக்கு வரும் வழியை நாமே கொஞ்சம் அகலப்படுத்தி வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தை மகள், மாமன் மகன் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டினால் எட்டில் ஒன்று. பெரும்பாலான குடும்பங்களில் எதுவும் ஆகாது. எங்கோ ஒரு குடும்பத்தில், அமைதியாக வந்துகொண்டிருந்த ஒன்று அதே ஒன்றைச் சந்தித்துவிடும். கப்பல் ஏறி வந்தபோது சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பிடித்துக்கொண்ட வழக்கம் இது. லயத்தில் யாரென்றே தெரியாதவர்களுக்கு நடுவே அக்காள் மகள் என்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று எனக்குப் புரிகிறது. அதனால் அறிவுரை சொல்ல வாய் வரவில்லை. எங்கள் தெரு அக்காவின் அம்மா கட்டியதும் தன் சொந்தத் தாய்மாமனைத்தான். டாக்டர் அதை விளக்கிய நாளிலிருந்து மாமியார் வீட்டில் பேச்சு மாறியது என்றார் அவர். "அதுவரைக்கும் நான் என்ன பாவம் செஞ்சேன்னு கேட்டாங்க. அப்புறம் உங்க ரத்தம்தான்னு சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம், அதனாலதான் வந்துச்சுன்னு டாக்டர் சொன்னது யாருக்கும் ஏறல."

*

1969இல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்து, சுங்கை பூலோவும் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. புதிய நோயாளிகளைப் பிடித்து அடைப்பது நின்றது. உள்ளே இருந்தவர்களில் பலர் போகவில்லை. வாசலில் செடி வளர்க்க ஆரம்பித்தார்கள். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு வாங்குகிற யாரும் பூச்செடிக்கு ஒருமுறையாவது சுங்கை பூலோ போயிருப்பார்கள். அந்த நர்சரிகள் பிறந்த கதை அதுதான். 2007இல் கிழக்குப் பகுதியில் ஒரு பங்கு வீடுகளை இடித்து யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்துக்கு இடம் எடுத்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பலர் எழுதினார்கள். பக்கத்திலேயே சுங்கை பூலோ மருத்துவமனை. 2020இல் கோவிட் வந்தபோது நாடே அந்தப் பெயரை உச்சரித்தது. ஒட்டுகிற நோய், தனிமைப்படுத்தல், அதே ஊர். அப்போது கிள்ளானில் நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தோம், மூன்று மாதத்துக்கே பைத்தியம் பிடித்தது.

அக்காவுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது, வேறு மாநிலத்தில் இருக்கிறாள். ஏசி உள்ள அலுவலகத்தில் வேலை. அந்த ஏசிக்காகவே அந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மாவை நான் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் அந்தக் குடும்பத் தாளின் கேள்விகளைத் தமிழில் சொல்லிக் கேட்டேன். பெரும்பாலானவற்றுக்குச் சிரித்தார். செலவைப் பற்றிய கேள்விக்கு, "எண்ணெய்க்கே ஒரு வீடு வாங்கியிருக்கலாம்டா" என்றார். தினமும் இரண்டு வேளை உடம்பு முழுக்கத் தேய்த்து, ஊறவைத்து, செதிலை எடுத்து. படுக்கை விரிப்பு, சோபா, கார் சீட், பள்ளிக்கூடப் புத்தகத்தின் ஓரம், எல்லாவற்றிலும் எண்ணெய். விருந்தாளி வந்தால் சோபாமேல் துண்டு விரிக்க வேண்டும். துண்டு விரித்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் விருந்தாளிகளையே நிறுத்திவிட்டார்.

சில வருடங்களுக்கு முன்பு புது வீட்டு வாசலுக்கு மல்லிகையும் செம்பருத்தியும் வேண்டும் என்று அவரைச் சுங்கை பூலோவுக்குக் கூட்டிப்போனேன். ஒரு வயதான சீனர் கடை. விரல்கள் மடங்கிய கை. தொட்டிகளைக் கையின் பக்கவாட்டால் தள்ளித் தள்ளி எடுத்துவைத்தார், மலாயில் விலை சொன்னார், மல்லிகைக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றாதே என்றார். ஆன்ட்டி ஐம்பது வெள்ளி கொடுத்தார். அவர் மிச்சத்தை நீட்டியபோது ஆன்ட்டி கையை நீட்டவில்லை. பிளாஸ்டிக் பையின் வாயைத் திறந்து பிடித்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் பைக்குள் போட்டார். பழகிப்போனவர் மாதிரி இருந்தது.

கார் செலாயாங் வரைக்கும் வந்துவிட்டது. ஆன்ட்டி மடியில் மல்லிகைத் தொட்டியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கும் கேன்டீன்ல அப்படித்தான் மிச்சக் காசு குடுப்பாங்களாம்" என்றார். "மேசை மேல வச்சிட்டு எடுத்துக்கன்னு சொல்வாங்களாம்."

நான் ஏசியைக் கூட்டினேன். மண் ஈரம் அவர் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது.